யோசனை கேட்டுக் கூட்டம் போட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. பிரெயின்ஸ்டார்மிங் உண்மையிலேயே வேலைக்கு ஆகுமா?

ஓவர்லாக்:

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். வெள்ளை, லைட் கலர் ஆர்டர் ஓடும்போதெல்லாம் எங்களுக்கு ஆயில் கறைதான் தலைவலி. செக்கிங்கில் பிடித்து, கறை எடுக்கும் கன் அடித்து, காயவைத்து, மறுபடி அயர்ன் போட்டு அனுப்புகிறோம், அதற்கே தனி ஆள் தனி நேரம், அப்படியும் சில பீஸ் பையர் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொள்கிறது. முதலாளி யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "எல்லாத்தையும் உட்கார வெச்சு பிரெயின்ஸ்டார்மிங் பண்ணுங்க, ஐடியா கொட்டும்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் டீ, வடை எல்லாம் வாங்கிவைத்து டெய்லர், செக்கிங், மெக்கானிக் என்று எல்லோரையும் கூட்டினோம்.

முதலாளியே முதலில் பேசினார், கறை படுத்தும் டெய்லருக்கு அபராதம் போடலாமா என்று. மெக்கானிக், மெஷின் மேல் தப்பே இல்லை என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள், வடை தீர்ந்தது, கூட்டமும் முடிந்தது. வெளியே வந்தபிறகு செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா என்னிடம் மெதுவாகச் சொல்கிறார்: "திங்கக்கிழமை காலைல வர்ற முதல் பண்டல்லதான் தம்பி கறை ஜாஸ்தி." இதை ஏன் உள்ளே சொல்லவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார்.

இந்த முறையில் ஏதாவது விஷயம் இருக்கிறதா, இல்லை பெரிய கம்பெனிகள் ஹோட்டலில் ஹால் போட்டு நடத்தும் சடங்கா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக்காப்பி:

விஷயம் இருக்கிறது, ஆனால் உங்கள் முதலாளிக்குச் சொல்லப்பட்ட வடிவத்தில் இல்லை. இதைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், அமெரிக்காவில் விளம்பரக் கம்பெனி நடத்தியவர், 1940களில். அவர் வைத்த விதிகள் நாலே நாலு: யோசனை வரும்போது குறை சொல்லக்கூடாது, கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, எண்ணிக்கை அதிகம் வேண்டும், அடுத்தவர் சொன்னதன் மேல் ஏறி இன்னொன்று சொல்லலாம். உங்கள் கூட்டத்தில் முதல் வாக்கியமே அபராதம். நாலில் ஒன்றுகூட அதற்கப்புறம் உயிரோடு இருந்திருக்காது.

ஆனால் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து யோசித்த குழு ஒரு பக்கம், தனித்தனியாக யோசித்த நாலு பேரின் யோசனைகளை ஒன்றாகக் கூட்டி, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்துவிட்டு எண்ணியது இன்னொரு பக்கம். தனியாக யோசித்தவர்கள் கிட்டத்தட்ட இரு மடங்கு சொல்லியிருந்தார்கள். பிறகு 1987இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆய்வாளர்கள் காரணத்தைத் தோண்டினார்கள். கூச்சமும் உண்டு, அடுத்தவன் சொல்வான் என்று சும்மா இருப்பதும் உண்டு, ஆனால் பெரிய காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறை வரும்வரை காத்திருப்பவர் தன்னுடையதை மறக்காமல் பிடித்து வைத்திருப்பதிலேயே இருப்பார், புதிதாக எதுவும் ஓடாது, சில நேரம் 'அட இது எதற்கு' என்று தானே தணிக்கை செய்து விட்டுவிடுவார்.

ஆகவே பேசவைக்காமல் முதலில் எழுதவையுங்கள். 1960களின் கடைசியில் ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் ஒரு முறை கொண்டுவந்தார். 6 பேர், ஆளுக்கு ஒரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனை, அப்புறம் தாளைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தணும், அவர் ஏற்கெனவே இருப்பதைப் படித்துவிட்டு இன்னும் 3 எழுதுவார். ஒவ்வொரு தாளும் ஆறு பேரிடமும் போய்வர அரை மணி நேரம், தாள்களில் 108 யோசனை இருக்கும். பாதி குப்பைதான், இருக்கட்டும். அந்த அக்காவின் திங்கட்கிழமை பண்டல் இதில் கட்டாயம் ஏறியிருக்கும்.

மீன்முள்:

ஓவர்லாக் தம்பி, சென்னையில் ஆட்டோ பார்ட்ஸ் ஃபேக்டரியில் குவாலிட்டி சர்க்கிள் நடத்தி ரிட்டயர் ஆனவன் நான். ஜப்பானில் 1962இல் ஆரம்பித்த விஷயம் அது, இங்கே 1980இல் ஹைதராபாத் பெல் (BHEL, பாரத மிகுமின் நிறுவனம்) ஃபேக்டரியில்தான் முதலில் நுழைந்தது. வேலை செய்கிறவர்களே வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து தங்கள் இடத்துப் பிரச்சினையைத் தாங்களே தீர்ப்பது. எங்கள் சர்க்கிளில் யோசனை கேட்கும் நேரத்தில் மேனேஜர் அறைக்குள் இருக்கமாட்டார், கடைசியில் வந்து கேட்டுக்கொள்வார். உங்கள் முதலாளியையும் அந்த முதல் அரை மணி நேரம் வெளியே டீ குடிக்கச் சொல்லுங்கள். நேராகச் சொல்ல முடியாவிட்டால், "நீங்க கடைசில வந்து முடிவு பண்ணுங்கண்ணா" என்றால் எந்த முதலாளியும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

அடுத்தது கேள்வி. 'கறையைக் குறைப்பது எப்படி' என்று கேட்டால் 'கவனமா தைக்கணும்' என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சின்னதாகக் கேளுங்கள். ராத்திரி நின்ற மெஷினில் காலையில் முதல் பீஸ் போடுவதற்கு முன்னால் என்ன செய்யலாம்? வெட்டிய துணி மேசையிலிருந்து பேக்கிங் போகிறவரைக்கும் எங்கெல்லாம் எண்ணெய் இருக்கும் இடத்தைத் தொடுகிறது? இப்படிக் கேட்டால் ட்ராலி சக்கர கிரீஸ், ஆயில் போட்ட கையோடு பண்டல் கட்டுவது, அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில், ஊசித்தண்டு வழியாக இறங்குவது, கீழே விழுந்த பீஸ் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த அக்கா சொன்னது வைத்துப் பார்த்தால் ஞாயிறு முழுக்க நின்ற மெஷினில் சொட்டு இறங்கியிருக்கலாம், காலையில் வேஸ்ட் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எழுதச் சொல்வதிலும் ஒன்று கவனியுங்கள். உங்கள் ஊரில் இப்போது ஒடிசா, பீகார் பிள்ளைகள் நிறைய. அவர்கள் இந்தியில், ஒடியாவில் எழுதட்டும், எழுத வராதவர்கள் மெஷின் படத்தில் பேனாவால் வட்டம் போடட்டும். தமிழில் மட்டும் கூட்டம் நடந்தால் பாதி லைனுக்கு அன்று விடுமுறை மாதிரிதான்.

எதிர்க்கட்சி:

எல்லோரும் 'குறை சொல்லாதே' விதியைப் புனிதமாக்குகிறீர்கள், அதில் எனக்குச் சம்மதமில்லை. சார்லன் நெமெத் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்தது, போக்குவரத்து நெரிசலைக் குறைக்க யோசனை சொல்லச் சொன்னார்கள். விவாதம் பண்ணுங்கள், ஒருவர் யோசனையை இன்னொருவர் விமர்சிக்கலாம் என்று சொல்லப்பட்ட குழுக்கள், விமர்சிக்கக்கூடாது என்று கட்டுப்பட்ட குழுக்களைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே சொன்னார்கள். அதனால் மெக்கானிக் 'என் மெஷின் மேல் தப்பில்லை' என்றதை நான் தப்பு சொல்லமாட்டேன், அந்தச் சண்டை தேவை. தப்பு, அதற்கு யாரும் பதில் பேசாதது. ஏன் பேசவில்லை? அபராதம் என்று ஆரம்பித்த இடத்தில் எவன் வாயைத் திறப்பான்? சம்பளத்தில் கை வைக்கும் பயம் இருக்கிறவரை ஜெர்மன் முறை கொண்டுவந்தாலும் ஜப்பான் முறை கொண்டுவந்தாலும் வெற்றுத்தாள்தான் திரும்பி வரும். முதலில் அபராதம் கிடையாது என்று முதலாளி வாயால் சொல்லவையுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு இப்போது யோசனைப் பஞ்சமா, தகவல் பஞ்சமா? ஒரு வாரம் செக்கிங் டேபிளில் ஒரு சார்ட் ஒட்டுங்கள், எந்த லைன், எந்த மெஷின், துணியில் எந்த இடம், எத்தனை மணிக்கு என்று கோடு போடட்டும். தோள்பட்டை தையலில் மட்டும் கறை குவிந்தால் தேட வேண்டிய மெஷின்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும்.

ஓவர்லாக்:

எல்லோருக்கும் நன்றி. சார்ட் இன்றைக்கே ஒட்டச் சொல்லிவிட்டேன், முதலாளியிடம் அபராதப் பேச்சை எடுப்பதுதான் கஷ்டம், பார்க்கலாம். ஒரு சந்தேகம் மீன்முள் அண்ணா, நூறு யோசனை வந்துவிட்டால் அதில் எதை எடுப்பது? கடைசியில் முதலாளி பிடித்ததை எடுத்தால் பழைய கதைதானே.

மீன்முள்:

ஒரே மாதிரி இருப்பதை முதலில் சேர்த்து ஒட்டிவிடுங்கள், நூறு என்பது இருபதாகிவிடும். அப்புறம் ஆளுக்கு 3 ஸ்டிக்கர் பொட்டு, பிடித்ததில் ஒட்டலாம், முதலாளிக்கும் அதே 3 தான். அவர் கடைசியில் ஒட்டணும், இல்லாவிட்டால் எல்லாப் பொட்டும் அவர் ஒட்டிய இடத்திலேயே போய் விழும். அதிகப் பொட்டு வாங்கியதில் காசு செலவில்லாத இரண்டை மட்டும் ஒரே ஒரு லைனில் ஓட்டிப் பாருங்கள், மற்ற லைனைத் தொடாதீர்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். யோசனை சொன்னவர் பெயரை அவரிடம் கேட்டுவிட்டு போர்டில் எழுதுங்கள், சிலருக்குப் பெயர் போடுவது பிடிக்காது.