முந்தருளா, முன்வரும் அருளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதன் கடவுளைத் தேடும் முன்பே கடவுள் தரும் அருளைக் கிறிஸ்தவ இறையியலில் பிரிவீனியன்ட் கிரேஸ் என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘முன்வரும் அருள்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். இலத்தீனில் ‘பிரே’ முன், ‘வெனிரே’ வருதல். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் ‘உதவ முன்வந்தார்’ என்றால் நாம் கேட்ட பிறகு வந்தவரும் அதில் அடக்கம். இந்த அருள் பற்றிய பழைய சண்டையே அந்தக் ‘கேட்ட பிறகு’ பற்றியதுதான்.

5ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சுத் துறவிகள் சிலர், காசியன் உட்பட, சில நேரம் மனிதனே முதலடி வைக்கிறான், அருள் அப்புறம் கைகொடுக்கிறது என்றார்கள். 529இல் அதே பகுதியின் ஒரான்ஜ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், இறையியலாளர் அகுஸ்தீன் வழி நின்று, அந்த முதலடியே அருளால்தான் என்றது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது காசியன் கட்சி. மாணிக்கவாசகரின் ‘பால்நினைந்தூட்டும் தாய்’ அகுஸ்தீனுக்குப் பக்கத்தில் வருகிறாள். சமயம் வேறு, உவமை பொருந்துகிறது.

அதனால் என் பரிந்துரை ‘முந்தருள்’. ‘அவர் முந்திக்கொண்டார்’ என்றாலே நான் இன்னும் வாய் திறக்கவில்லை என்று பொருள். முதல் தடவை படிக்கும்போது முந்திரி நினைவுக்கு வரும், ஒப்புக்கொள்கிறேன். ‘முன்னருள்’ வேண்டாம், முன்னாள் அமைச்சர் போல ஏதோ காலாவதியான அருள் என்று படும்.

‘தடுத்தாட்கொள்ளும் அருள்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் கல்யாணப் பந்தலில் சிவன் வந்து மறித்த சுந்தரருக்குத் தப்ப வழியே இல்லை. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சொன்ன முந்தருளையோ மனிதன் மறுக்கலாம். ‘தடுத்தாட்கொள்ளும்’ என்ற சொல்லைச் சீர்திருத்தவாதி கால்வினின் மரபினர் சொல்லும் இர்ரெசிஸ்டிபிள் கிரேஸுக்கு, அதாவது மறுக்கவே முடியாத அருளுக்கு, எடுத்து வைப்போம்.

அருளா கிருபையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என் பாட்டி மங்கள வார்த்தை செபத்தில் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியே’ என்றுதான் சொல்வார். அடுத்த தலைமுறைக்கு அது ‘அருள் நிறைந்த மரியே’ ஆகிவிட்டது. ‘முந்து’ நிலைக்கட்டும். மெதடிஸ்டு நண்பர்கள் ‘முந்துகிருபை’ என்று எழுதினாலும் குறையில்லை.

இன்னொன்று. இதன் இணைச்சொல்லான கிராத்சியா சுப்செகுவென்ஸையும், அதாவது முதலடிக்குப் பின் தொடர்ந்து வரும் அருளையும், சேர்த்தே யோசிக்க வேண்டும். முந்தருளுக்குத் தொடரருள் ஜோடியாக நிற்கும். ‘முன்வரும் அருள்’ என்று வைத்தால் அதன் ஜோடி ‘பின்வரும் அருள்’ ஆகிவிடும். படிப்பவர் கீழே பட்டியலைத் தேடுவார்.