தேடுபொறியில் என் கட்டுரை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி

வணக்கம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்ட வரலாற்றைப் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று என் சொந்த இணையதளத்தில் இருக்கிறது. என் கைப்பேசியில் "ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரலாறு" என்று கூகுளில் தேடினால் அதுவே முதல் முடிவாக வருகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பரோ, அதே சொற்களைத் தேடி மூன்று பக்கங்கள் புரட்டியும் கிடைக்கவில்லை என்கிறார். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் சராசரி நிலை 18.6 என்று இருக்கிறது. தரவரிசையை இலவசமாகச் சொல்லும் தளங்கள் சிலவற்றில் சோதித்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணைத் தந்தது. இவற்றில் எதை நம்புவது?

மறுமொழி 1

வணக்கம் ஐயா. உங்கள் கைப்பேசியில் தெரியும் முதலிடத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கூகுள் கணக்கில் பதிவாகியிருக்கும் தேடல் வரலாறும், நீங்கள் தேடும் ஊரும், மொழி அமைப்பும் முடிவுகளின் வரிசையை மாற்றக்கூடியவை; சொந்தக் கட்டுரையை அடிக்கடி திறந்து பார்ப்பவருக்கு அது மேலே வருவதில் வியப்பில்லை. உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடினால் கணக்கின் வரலாறு விலகும், ஆனால் இருப்பிடம் விலகாது. முடிவுப் பக்கத்தின் அடியில் கூகுள் எந்த ஊரைக் கருதிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்தாலே இது விளங்கும்.

சர்ச் கன்சோலின் 18.6 பொய்யன்று. ஆனால் அது நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையும் அன்று. ஒவ்வொரு தேடலிலும் உங்கள் தளத்தின் எந்த இணைப்பு மிக மேலே வந்ததோ அதன் இடத்தை எடுத்து, அத்தகைய தேடல்கள் அனைத்துக்கும் சராசரி போட்டு அந்த எண்ணைத் தருகிறார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டாம் இடத்திலும் வேறொரு சொல்லுக்கு 35ஆம் இடத்திலும் சம அளவில் தோன்றியிருந்தால் சராசரி 18.5 ஆகிவிடும், அந்த இடத்தில் உங்கள் கட்டுரையை யாருமே கண்டிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. உங்கள் முடிவு இருந்த பக்கத்தைத் தேடியவர் திறந்தால்தான் அது ஒரு தோற்றமாகக் கணக்கில் ஏறும். கட்டுரை புதிதாகப் பொதுவான சொற்களுக்கும் கீழ்ப்பக்கங்களில் தலைகாட்டத் தொடங்கினால், பழைய இடம் எதையும் இழக்காமலேயே சராசரி மோசமாகும். அதைப் பார்த்துப் பதறித் தலைப்பை மாற்றி, உள்ளதையும் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

ஆகவே சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அந்தக் கட்டுரையின் முகவரியை மட்டும் வடிகட்டி, அதன்பின் தேடல்சொற்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய நிலையைத் தனித்தனியே பாருங்கள். நாடு, சாதனம் ஆகியவற்றாலும் பிரிக்கலாம். ஊர்வாரியாகப் பிரிக்க அதில் வழியில்லை என்பதால் கோயம்புத்தூரின் நிலையை மட்டும் தனியே அறிய முடியாது. மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுவார்கள் என்பதால், பட்டியலைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாது. அதைப் பிழையென்று எண்ண வேண்டாம். 16 மாதத் தரவு அங்கே கிடைக்கும்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னது சரி. தமிழில் எழுதுபவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டல். உங்கள் கட்டுரையில் வரும் ஊர்ப்பெயரையே ஸ்ரீரங்கம், திருவரங்கம், சீரங்கம் என்று மூன்று விதமாகத் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் மிகுதி. போதாக்குறைக்கு, ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம், எழுத்துகளுக்குக் கணினியில் எண் வழங்கும் யூனிகோடு தரத்தின் 4.1 பதிப்பில் 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் எழுத்துருக்கள் உண்டு. நீங்களும் நண்பரும் வெவ்வேறு விசைப்பலகை வைத்திருந்தால் ஒரே சொல்லைத்தான் தேடினீர்கள் என்பதற்கு உறுதியில்லை. அவர் தட்டியதை நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எ என்ற எழுத்துக்குப் பதிலாக ஏழைக் குறிக்கும் ௭ என்ற தமிழ் எண்ணும், துணைக்காலுக்குப் பதிலாக ரகரமும் கலந்திருக்கும் பழைய கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; கண் அவற்றைச் சரியாகவே படித்துவிடும் என்பதால் எழுதியவருக்கே தெரிவதில்லை.

சர்ச் கன்சோலின் தேடல்சொல் வடிகட்டியில் ரெஜெக்ஸ் (பல வடிவங்களை ஒரே குறிப்பில் எழுதித் தேடும் முறை) என்ற தேர்வு இருக்கிறது. அதில் இந்த வடிவங்களை எல்லாம் நிமிர்ந்த கோட்டால் (|) பிரித்து எழுதினால், அவை அனைத்தும் ஒரே பட்டியலில் வரும்.

தரவரிசைத் தளங்கள் தங்கள் கணினி இருக்கும் இடத்திலிருந்து தேடுவதால் அவற்றின் எண்கள் வேறுபடுகின்றன. கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியில் ஓர் எண்ணைச் சேர்த்து ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைப் பெறும் வழியைப் பல கருவிகள் நம்பியிருந்தன. 2025 செப்டம்பரில் கூகுள் அதை நிறுத்தியது. அதையொட்டிப் பல தளங்களின் சர்ச் கன்சோல் கணக்கில் தோற்றங்கள் திடீரென்று குறைந்து, சராசரி நிலை மேம்பட்டதுபோலத் தெரிந்தது. அந்த மாதத்தைத் தாண்டி முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால் கிளிக்குகளை ஒப்பிடுவதே மேல்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கட்டுரையை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். "ராஜகோபுரம் உயரம்" என்ற தேடலுக்கு முதல் ஐந்து இடங்களுக்குள் இருக்கிறது. "ஸ்ரீரங்கம்" என்ற தனிச்சொல்தான் சராசரியைக் கீழே இழுத்திருக்கிறது. நண்பர் அனுப்பியதில் "சீரங்கம்" என்று இருந்தது; என் கட்டுரையில் அந்த வடிவம் ஓரிடத்திலும் இல்லை. ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அவருக்குக் கிடைத்த முடிவுகளில் என் பத்திகளை அப்படியே கொண்ட வேறொரு தளம் இருந்ததாம். அதை எப்படிச் சோதிப்பது?

மறுமொழி 1

உங்கள் கட்டுரையில் பிறர் எழுதியிருக்க வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தை எடுத்து, அதிலிருந்து எட்டுப் பத்துச் சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள்; கோபுரத்தின் 236 அடி உயரத்தைச் சொல்லும் வாக்கியம் எல்லாரிடமும் இருக்கும் என்பதால் அது உதவாது. பிறகு சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் உங்கள் பக்கத்தை இட்டு, மூலப்பக்கம் என்று கூகுள் தேர்ந்தெடுத்த முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். உங்களுடையதாகவே இருந்தால் அந்த நகலால் இப்போதைக்குப் பெரிய தீங்கில்லை. வேறு தளத்தின் முகவரி அங்கே இருந்தால், அத்தளத்தாருக்கு எழுதுங்கள். அவர்கள் அசையாவிட்டால், பதிப்புரிமையின் பேரில் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் படிவம் கூகுளில் இருக்கிறது. அதில் நகலின் முகவரியையும் உங்கள் மூலத்தின் முகவரியையும் பக்கம் பக்கமாகக் குறிப்பிட வேண்டியிருக்கும். பிங் தேடலிலும் அதே வாக்கியத்தை ஒருமுறை இட்டுப் பாருங்கள்; டக்டக்கோ, யாகூ ஆகியவற்றின் முடிவுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.