பாம்பனில் நான்கு நாள்

பாம்பனைப் பலரும் பாலமாகத்தான் அறிவார்கள். பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு ராமேசுவரம் கோயிலுக்குப் போய்விடுவார்கள். நானும் மூன்று தடவை அப்படிக் கடந்தவன்தான். 2019 டிசம்பரில் நண்பனின் தங்கை கல்யாணத்துக்குப் போனபோதுதான் அந்த ஊரில் நான்கு நாள் தங்கினேன்.

முதல் நாள் விடியற்காலையில் மீன் வாங்கலாம் என்று வடக்குக் கரைக்குப் போனேன். படகுகள் நங்கூரத்தில் கிடந்து ஆடின. ஆள் நடமாட்டமே இல்லை. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "வாடை போட்டிருக்கிறது தம்பி, வடக்கே எவன் போவான்? தெற்கே போய்ப் பாருங்கள்." நடந்து போனால், அங்கே கடல் தாம்பாளம் போல் கிடக்கிறது.

ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடைக்காற்று வீசும் காலத்தில் வடக்கு பொங்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால் தெற்கு பொங்கும். காற்று மாறினால் படகும் கடல் மாறும். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பது ராமேசுவரம் தீவு முழுக்க உள்ள வழக்கு. மறுநாள் அதே பெரியவரிடம், "பெண்கடல் சாது என்றார்களே ஐயா?" என்று கேட்டேன். "ஐப்பசி வரைக்கும் சாதுதான்" என்றார், சிரிக்காமல்.

பழைய ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே இது கப்பல் வந்து நின்ற ஊர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கை வழியாகத் திரும்பியபோது கால் வைத்ததும் இங்கேதான். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். பாலம் வந்த பிறகு, பாம்பனிலிருந்து ராமேசுவரத்துக்கு ஒரு தண்டவாளம், தனுஷ்கோடிக்கு இன்னொன்று எனப் பிரிந்து போயின. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைப் புயல் கொண்டுபோனது. பாலத்தை 46 நாளில் சீராக்கிவிட்டார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் போனது போனதுதான். பெரியவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. புயலைப் பற்றிக் கேட்டேன். ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டே, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் கம்பத்தை ஒரு தடவை பார்த்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

என் மனதில் அதிகம் தங்கியவர்கள் சின்னப்பாலம் என்கிற மீனவக் கிராமத்தில் பார்த்த கடல்பாசி எடுக்கும் பெண்கள். மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து கையால் பிய்த்தெடுக்கிறார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிக்கிழிசல் சுற்றியிருந்தார்கள். ஓர் அக்காவின் கால் செருப்பில் அலுமினியத் தட்டு கட்டியிருந்தது. நீந்துவதற்கு அதுதான் துடுப்பு. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து இவர்களுக்கும் காவலர்களுக்கும் ஓயாத இழுபறி. ஆனால் பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் இறங்குவோம் எனக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் இவர்களே. யாரும் சொல்லித் தரவில்லையா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "எங்கள் உலையில் அரிசி போட யார் சொல்லித் தந்தார்கள்?" என்றார் அந்த அக்கா.

திரும்பும் நாளில் ரயில் பாம்பன் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தப் பழைய பாலத்தில் அப்போது ரயிலை விடமாட்டார்கள். பெட்டியில் எல்லோரும் ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாடு என் பையில் இருந்தது. ஜன்னல்களையெல்லாம் வேறு சாத்தியிருந்தார்கள்.