ஸ்டாப் ஸ்கிரிப்ட் முடிஞ்ச பிறகும் டாம்கேட் ஓடிக்கிட்டே இருக்கு

அம்பத்தூர்_ஆள்:
அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு உதிரிபாகக் கம்பெனி. ஒரே உபுண்டு சர்வர்ல டாம்கேட் (ஜாவா அப்ளிகேஷனை ஓட்டுற சர்வர்), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) ரெண்டும். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்குக் கரண்ட் போயிடும், யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள எல்லாத்தையும் இறக்க, முன்னாடி இருந்தவர் எழுதின ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கு: டாம்கேட் ஷட்டவுன், ஸ்லீப் 10 (10 செகண்ட் சும்மா காத்திருக்கிறது), போஸ்ட்கிரஸ் ஸ்டாப். "நின்றது"ன்னு பிரிண்ட் ஆகுது, ஆனா பார்த்தா ஜாவா உயிரோடதான் இருக்கு. பேட்ச் போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா 8080 போர்ட் ஏற்கெனவே உபயோகத்துல இருக்குன்னு எரர். என்ன செய்ய?

நைட்_ஷிஃப்ட்:
ஸ்லீப்புக்குக் கீழே கில் மைனஸ் 9 (புரோகிராமை உடனே கொல்ற கட்டளை) போடுங்க பாஸ். முடிஞ்சது.

பெருங்குடி_பெரிசு:
தம்பி, அதைப் போடாதீங்க. 9 போட்டா ஜாவாவோட ஷட்டவுன் ஹுக் (மூடும்போது ஓட வேண்டிய கோட்) எதுவும் ஓடாது. அதே பழக்கத்துல நாளைக்குப் போஸ்ட்கிரஸுக்கும் போடுவீங்க. அதை வேண்டாம்னு போஸ்ட்கிரஸ் டாக்குமென்டேஷனே சொல்லுது.

உங்க ஷட்டவுன் ஸ்கிரிப்ட் 8005 போர்ட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்பிட்டுத் திரும்பிடும். பிஐடி ஃபைல் (ஓடுற புரோகிராமோட எண்ணைக் குறிச்சு வைக்கிற ஃபைல்) செட் பண்ணலேன்னா, ஆள் போனானான்னு பார்க்கவே பார்க்காது. வெளியே நின்னு "கடை சாத்தியாச்சு"ன்னு கத்திட்டுப் போற வாட்ச்மேன் மாதிரி. உள்ளே உங்க அப்ளிகேஷனோட ஷெட்யூலர் த்ரெட் (குறிச்ச நேரத்துக்கு வேலைகளை ஓட்டுற பகுதி) ஏதாவது உட்கார்ந்திருக்கும், அதான் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டுற புரோகிராம்) போகல. ஸ்லீப்பை 60 ஆக்கினாலும் அது குருட்டு நம்பிக்கைதான்.

சிஸ்டம்டிக்கு (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஏத்தி இறக்குற புரோகிராம்) மாறுங்க. கேட்டலினாவை (டாம்கேட்டை ஓட்டுற ஸ்கிரிப்ட்) ஸ்டார்ட்னு இல்லாம, ரன்னுன்னு முன்னணியில ஓட்டுங்க. டாம்கேட் யூனிட்ல (சிஸ்டம்டி படிக்கிற செட்டிங் ஃபைல்) ஆஃப்டர் (இதுக்கு அப்புறம்), ரெக்வயர்ஸ் (இது தேவை) ரெண்டுலயும் போஸ்ட்கிரஸ் பேரைப் போடுங்க. ஏத்துறப்போ டேட்டாபேஸ் முதல்ல. இறக்குறப்போ அதே வரிசையைத் தலைகீழாக்கி அதுவே பார்த்துக்கும், தனி ஸ்டாப் ஸ்கிரிப்ட்டே வேண்டாம். யூபிஎஸ் மென்பொருள் சர்வரை ஆஃப் பண்ணச் சொன்னாலும் இதே வரிசைதான். டெர்ம் சிக்னல் (நீயே மூடிக்கோன்னு சொல்றது) கொடுத்து வழக்கமா 90 செகண்ட் காத்திருக்கும், அதுக்கப்புறம்தான் கில். உங்க ஷெட்யூலரை அப்ளிகேஷன் மூடும்போது நிறுத்தச் சொல்லி டெவலப்பரைப் பிடிங்க, அது தனி வேலை.

அம்பத்தூர்_ஆள்:
மாத்திட்டேன் சார், வரிசை சரியா வருது. ஆனா நிறுத்தினதும் ஸ்டேட்டஸ்ல ஃபெயில்டு, 143ன்னு சிவப்பா காட்டுது?

பெருங்குடி_பெரிசு:
ஒண்ணும் ஆகல. 128-ஓட டெர்ம் சிக்னல் எண் 15 சேர்ந்தா 143. ஜாவா அப்படித்தான் சொல்லிட்டுப் போகும். யூனிட்ல சக்ஸஸ் எக்ஸிட் ஸ்டேட்டஸுக்கு 143 கொடுத்து டீமன் ரீலோட் (யூனிட்டைத் திரும்பப் படிக்கச் சொல்றது) பண்ணுங்க.