பதில்: ஜெர்மனிப் பங்குடன் நம் உறவு

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

ஜெர்மனியில் இருக்கும் நம் சகோதரப் பங்குடன் (நம் ஊர்ப் பங்கோடு இணைந்த ஆலயச் சமூகத்துடன்) உறவை இனியும் தொடர வேண்டுமா என்று போன வாரம் கேள்வி வந்தது. அவர்கள் உதவியோடு சுனாமி வீடுகள் கட்டி முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, அங்கே பழைய ஆட்கள் பலர் காலமாகிவிட்டார்கள், பணமும் வருவதில்லை, பின் எதற்கு என்று துபாய் அண்ணன் கேட்கிறார். தொடர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பர்மிங்காமில் ரயில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் கவென்ட்ரி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைக் குண்டு போட்டு எரித்தன. ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நடு ஊரில் இருந்த தூய மிக்கேல் பேராலயத்தில் கோபுரமும் வெளிச்சுவர்களும்தான் மிஞ்சின. எரிந்து விழுந்த கூரையின் பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு சிலுவை செய்தார்கள். பேராலயத்தின் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹோவர்ட் அந்தக் கிறிஸ்துமஸ் அன்றே, இடிபாடுகளுக்குள் நின்று, பழிவாங்கும் எண்ணத்தை விடுவோம் என்று வானொலியில் பேசினார். அடக்கம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு வயிறு எரிந்திருக்கும்! அப்படியும் பேசினார்.

1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு அதே கதி. பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் 25,000 பேர் வரை இறந்தார்கள். மாதா பெயர் தாங்கிய ஃபிராவென்கிர்ஷே என்ற லுத்தரன் ஆலயம் இரண்டு நாள் கழித்து இடிந்து விழுந்தது.

1959-இல் இரண்டு நகரங்களும் இணை நகரங்களாயின. ஆனால் என்னைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்த வேலைதான். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் இளைஞர்கள் சிலர் கவென்ட்ரிக்கு வந்து, பாழடைந்த பேராலயத்தின் பழைய அறைகளைத் தங்கள் கையாலேயே சீர்செய்து கொடுத்தார்கள். 1965-இல் கவென்ட்ரி இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டில் இடிந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையைக் கட்டும் வேலையில் இறங்கினார்கள். டிரெஸ்டன் அப்போது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில், பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம். விசா வாங்குவதே பெரும்பாடு. இடிந்த கல்லையும் மண்ணையும் அள்ளத்தான் போனார்கள், காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ள இல்லை.

ஃபிராவென்கிர்ஷே நாற்பது வருடத்துக்கு மேல் கற்குவியலாகவே கிடந்தது. ஜெர்மனி ஒன்றான பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். உச்சியில் நிற்கும் பொன் சிலுவைக்குப் பிரிட்டன் மக்கள் பணம் திரட்டினார்கள். அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் அப்பா, டிரெஸ்டன் மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். 2004-இல் சிலுவை மேலே ஏறியது, 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. இன்று கவென்ட்ரியின் ஆணிச் சிலுவை ஒன்று அங்கேயும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கவென்ட்ரியில் சொல்லும் ஒப்புரவு மன்றாட்டை அங்கேயும் சொல்கிறார்கள்.

நம் கதை வேறுதான். ஜெர்மனிக்காரர்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கடல் அடித்தது, அவர்கள் கை கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கவென்ட்ரியும் டிரெஸ்டனும் இத்தனை காலம் ஒட்டியிருப்பதற்குக் காரணம், இரண்டு பக்கமும் கொடுத்ததுதான் என்று நான் நம்புகிறேன். நம் உறவில் 2004 டிசம்பரிலிருந்து கொடுப்பவர் எப்போதும் அவர்கள், வாங்குபவர் எப்போதும் நாம். அப்படி ஒரு உறவு பணம் நின்றதும் தளரத்தான் செய்யும்.

ஒரே ஒரு தடவை அது மாறியது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் (Ahr) முதலான ஆறுகளில் வெள்ளம் வந்து, ஜெர்மனியில் மட்டும் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பங்கில் அந்த ஞாயிறு திருப்பலியை அவர்களுக்காக ஒப்புக்கொடுத்தோம். மீன் விற்கும் அக்காமார் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட காணிக்கையை அனுப்பிவைத்தோம். பெரிய தொகை ஒன்றும் இல்லை. அதற்கு அவர்களிடமிருந்து வந்த பதிலைப் போல நீளமான கடிதம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. பங்கு அலுவலகக் கோப்பில் இருக்கிறது, நாட்டுக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதனால் என் யோசனை இது. எந்த உதவியும் கேட்காமல் அவர்களுக்கு ஒரு கடிதம் போடுவோம். அவர்களுடைய நோயாளிகள் பெயரையும் அந்த வருடம் இறந்தவர்கள் பெயரையும் அனுப்பச் சொல்வோம். கல்லறைத் திருநாளில் நம்மவர்களோடு சேர்த்து அவர்களையும் நினைப்போம். அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள் நாலைந்து பேரை ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிடலாம், நம் வீடுகளிலேயே தங்கட்டும். அடுத்த வருடம் நம் பிள்ளைகள் போகட்டும். பயணச் செலவில் ஒரு பகுதியை நம் ஊர்ச் சங்கம் ஏற்றால் மீதிக்கு இங்கிலாந்தில் இருக்கும் நாங்கள் பொறுப்பு.

பங்குத்தந்தையிடம் நான் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் யார் யார் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். கடிதத்தின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.