நீருக்கடியில் படம் எடுப்பவருக்குக் கலைக்கண் பழகி வருமா?

நிலாவெளியான்:
வணக்கம். நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைத் தீவைச் சுற்றி மூச்சுக்குழாய் அணிந்து நீந்திப் படம் எடுத்து வருகிறேன். கமராவைக் கையாளுவதில் சிக்கல் இல்லை; மீன்களும் தெளிவாகவே விழுகின்றன. ஆயினும் வீட்டுக்கு வந்து பார்த்தால், அவை மீனின் பெயரைச் சொல்லப் பயன்படுமே தவிர, மறுமுறை பார்க்கத் தூண்டுவதில்லை. கலைக்கண் பழகி வருவதென்றால், எதைப் பழக வேண்டும்?

பழைய சுழியோடி:
தம்பி, உங்கள் படங்களைப் பார்க்காமலே ஒன்றை ஊகிக்கிறேன். பெரும்பாலானவை மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தவையாக இருக்கும். மிதப்பவருக்கு அதுதான் வசதி. ஆனால் அந்தக் கோணத்தில் மீனின் முதுகும் அடியில் உள்ள முருகைக்கல்லும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மீனின் கண் மட்டத்துக்கு, முடிந்தால் அதற்கும் கீழே இறங்கி, சற்று மேல்நோக்கிப் பாருங்கள். பின்னணியில் வெறும் நீலம் மட்டும் நிற்கும். இன்னும் நிமிர்ந்தால், ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒளிவட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்தைக் கறுப்புமுனைச் சுறா ஒன்று கடக்கும்போது நிறமே தேவையில்லை, உருவக்கோடு போதும். பின்னணியை முதலில் தெரிவுசெய்து, மீன் அதற்குள் வரும்வரை காத்திருப்பதே என் வழக்கம்.

உப்புவெளி ரசிகை:
அண்ணா சொன்ன கோணத்தை ஏற்கிறேன். நிறத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை முதல் சில மீற்றர் நீரே உறிஞ்சிவிடுகிறது. மேற்பரப்பிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கமராவுக்கும் ஒளி கடக்கும் தூரம் இரண்டும் சேர்ந்தே கணக்கு. ஆகவே தொலைவில் நின்று உருப்பெருக்குவதைவிட அகலக்கோண வில்லையுடன் நெருங்குவது நல்லது. ஃபிளாஷ் பயன்படுத்தினால் அதைப் பக்கவாட்டில் விலக்கி வையுங்கள். வில்லையை ஒட்டி வைத்தால் மிதக்கும் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். மாரியில் கலங்கும் நம் கடலில் இந்தத் தொல்லை அதிகம்.

நிலாவெளியான்:
நெருங்கினால் மீன் ஓடிவிடுகிறதே, அக்கா?

உப்புவெளி ரசிகை:
துரத்தினால் ஓடத்தான் செய்யும். அப்படி எடுத்த படத்தில் வால்தான் மிஞ்சும். பூப்போலத் தெரியும் கடலுயிரான கடற்சாமந்தியில் வாழும் கோமாளி மீனிலிருந்து தொடங்குங்கள். அது வெளியே வந்து, உங்களை ஒருமுறை முறைத்துவிட்டு, மீண்டும் சாமந்தியின் உணர்கொம்புகளுக்குள் நுழையும். அசையாமல் கவனித்தால், அது எந்தப் பக்கமாக வெளிவந்து எங்கே திரும்புகிறது என்பது பிடிபடும். குவியத்தை அவ்விடத்தில் அமைத்துவிட்டு, முகம் உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் அழுத்துங்கள். கண் கூர்மையாக விழாத படத்தை, மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வைத்துக்கொள்வதில்லை.

பழைய சுழியோடி:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அப்படியிருந்தும் படத்துக்காக முருகைக்கல்லின் மேல் கால் ஊன்றி நிற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூச்சடக்கி இறங்கும் உங்களுக்குக் கீழே கிடைக்கும் நேரம் குறைவு. எனவே கோணத்தையும் வெளிச்சத்தின் திசையையும் மிதந்தபடியே முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். தனியாக மட்டும் இறங்க வேண்டாம்.