எச்டிகாண்டரில் பாதியில் நிற்கும் வேலைகள்: ஆலோசனை தேவை

அன்புடையீர், வணக்கம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்து, இப்போது எண்ணிம வடிவில் பொதுவில் கிடைக்கும் படங்களிலிருந்து கரும்புள்ளிகளைப் பிரித்தெடுக்கும் பணியை, இம்மலையிலுள்ள எங்கள் கல்லூரிக் கணினிகளில், மாணவர்கள் பயன்படுத்தாத வேளைகளில் சும்மா இருக்கும் கணினிகளுக்கு வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் எச்டிகாண்டர் (HTCondor) மென்பொருள் வழியே நடத்துகிறோம். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் (எப்போது திரும்புமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்) அது திரும்பியதும், எச்டிகாண்டரில் வேலைகளை வரிசைப்படி அனுப்பும் பகுதியான டாக்மேன் (DAGMan) தன் பதிவுக்கோப்பைப் படித்து, முடிந்த வேலைகளை மீண்டும் நடத்தாமல் விட்டுவிடுகிறது. ஆனால் பாதியில் நின்றவை முதலிலிருந்தே தொடங்குகின்றன. யூபிஎஸ் மையக் கணினிக்கு மட்டுமே உண்டு.

எங்கள் பைத்தான் நிரலே இடைநிலையைச் சேமிக்கும்படி மாற்றுவது நல்லதா, வேலைகளைச் சிறு துண்டுகளாக்கிப் பெகாசஸ் (Pegasus) என்ற பணியோட்ட மேலாண்மை மென்பொருளுக்கு மாறுவது நல்லதா? பெகாசஸும் டாக்மேன் மீதே இயங்குவதால் எனக்கு முதல் வழியே சரியெனத் தோன்றுகிறது. பழைய கணினிகளில் இவற்றை நடத்திப் பார்த்தவர்கள், ஒரு வேலை எத்தனை நிமிடங்களுக்குள் முடியுமாறு பிரித்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.